சென்னை கொடுக்காத ஒரு பட்டம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையை எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் எல்லோர் வீட்டிலும் ஓர் ஊர்ப்பெயர் அடிபடும். நுங்கம்பாக்கம். "காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று செய்தி வாசிப்பார்கள். அந்த நுங்கம்பாக்கம் என்பது கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை ஆய்வு மையம். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்தச் சாலை அத்துப்படி. டி.பி.ஐ. வளாகம் அங்கேதான். மாறுதல், ஊதிய நிர்ணயம், சேமநல நிதி என்று ஏதாவது ஒன்றுக்காகக் கையில் ஃபைலோடு நடந்து தேய்ந்த சாலை அது. பெண்கள் கிறித்துவக் கல்லூரியும் அதே சாலையில்தான்.

அந்த வானிலை மையம் இருக்கும் இடத்துக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட கதை உண்டு. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழும்பியது. அதை அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். நட்சத்திரம் பார்க்கும் கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழ் உள்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1796 முதல் அங்கே வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் குறித்து வைக்க ஆரம்பித்தார்கள். இந்திய வானிலைத் துறை என்ற ஒன்று பிறந்ததே 1875-ல்தான். அதற்கு 80 வருடம் முன்பே நம் சென்னையில் தினமும் வானத்தைப் படித்து நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் இன்று எழுத வந்தது அந்தக் கட்டடத்தைப் பற்றி அல்ல. இந்தியா முழுக்க இப்படி அளப்பதற்கான கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வைத்த ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் படித்தது நம் சென்னையில். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பட்டம் தர முடியாது என்று சொன்னதும் நம் சென்னைதான். அவர் பெயர் அன்னா மணி.

போன மாதம் உறவில் ஒரு விசேஷத்தில் பேச்சு வந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி, மேற்கொண்டு வளிமண்டல அறிவியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாள். "அதைப் படித்து என்ன, டி.வி.யில் மழை வரும் என்று சொல்லப் போகிறாயா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அன்னா மணி பிறந்தது 1918 ஆகஸ்ட் 23. ஊர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த பீர்மேடு. தேக்கடிக்குப் போகிறவர்கள் அந்த வழியைப் பார்த்திருப்பீர்கள். அப்பா பொறியாளர், ஏலக்காய்த் தோட்டமும் உண்டு. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. அந்தக் குடும்பத்தில் எட்டாவது பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைக்கு வைரத்தோடு போடுவது வழக்கம். இந்தச் சிறுமி தோடு வேண்டாம் என்று சொல்லி, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். வைக்கம் போராட்டத்தின்போது காந்தி அந்தப் பக்கம் வந்து போனதன் தாக்கத்தில் கதர் கட்டத் தொடங்கியவர், கடைசிவரை அதை விடவில்லை.

படிக்க வந்தது சென்னைக்கு. மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் பட்டம், 1939-ல். மெரினாவில் நடக்கப் போகும்போது கடலுக்கு எதிரே அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கிறீர்களே, அதே கல்லூரி. ஆனர்ஸ் என்பது சாதாரண பி.எஸ்ஸி.யை விடக் கடினமானது, சிலருக்குத்தான் இடம். அடுத்த வருடமே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

ராமன் அப்போது வைரத்தின் மேல் பைத்தியமாக இருந்த காலம். இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த வைரக்கற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒளியை எப்படி விழுங்குகிறது, எப்படித் திருப்பி உமிழ்கிறது என்று மாணவர்களைப் பார்க்க வைத்தார். எட்டு வயதில் வைரத்தை வேண்டாம் என்ற பெண்ணுக்கு, இருபத்திரண்டு வயதில் முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை ஆராயும் வேலை வந்தது.

வேலை எப்படி என்று சொன்னால்தான் உங்களுக்கு அதன் அருமை புரியும். வைரத்தைத் திரவக் காற்றில் வைத்துக் கடுங்குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்மேல் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். வைரம் திருப்பித் தரும் ஒளி மிகமிக மங்கலானது. அது புகைப்படத் தகட்டில் பதிய 15 மணி நேரம், 20 மணி நேரம் ஆகும். அதுவரை கருவி அசையக் கூடாது, குளிர் குறையக் கூடாது. இரவு பகலாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்து 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தன் ஒருவர் பெயரிலேயே வெளியிட்டார். எல்லாவற்றையும் தொகுத்து, 1945 ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

அந்தக் காலத்தில் இந்திய அறிவியல் கழகம் தானே பட்டம் தர முடியாது. அங்கே செய்த ஆராய்ச்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும். ஆய்வேடு சென்னைக்கு வந்தது. வந்த பதில், உங்களிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை, ஆகையால் டாக்டர் பட்டம் தர இயலாது.

அவ்வளவுதான். ஆராய்ச்சியில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காகிதம் குறைந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, மாநிலக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. அன்னா மணியின் ஆனர்ஸ் பட்டம் இதே பல்கலைக்கழகம் கொடுத்தது. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் பெங்களூரில் ஆராய்ச்சிக்கே எடுத்தார்கள். செனட் ஹவுஸுக்கும் மாநிலக் கல்லூரிக்கும் நடுவே கடற்கரைச் சாலையில் நடந்தால் பத்து நிமிடம் ஆகாது. தான் கொடுத்த பட்டத்தைத் தானே போதாது என்று சொன்னது பல்கலைக்கழகம்.

இரண்டாவது, அவருடைய வழிகாட்டி ராமனைப் பற்றியது. அவரும் மாநிலக் கல்லூரி மாணவர்தான், 1907-ல் எம்.ஏ. அவர் ஆய்வேடு எழுதிச் சமர்ப்பித்து டாக்டர் பட்டம் வாங்கியவரே இல்லை. அவருக்கு வந்த டாக்டர் பட்டங்கள் எல்லாம் கௌரவமாக வந்தவை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்காதவர் கல்கத்தாவில் பேராசிரியராக அமர்ந்து நோபல் பரிசு வாங்க இந்த நாட்டில் இடம் இருந்தது. அவருடைய மாணவிக்கு விதி கண்ணில் பட்டது.

ராமனிடம் படித்துவிட்டு வானிலைக்குப் போன வேறு இருவரையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன். மாநிலக் கல்லூரியில் படித்தவர். கல்கத்தாவில் ராமனோடு ஆராய்ச்சி செய்தவர். அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1925-ல் வானிலைத் துறைக்குப் போனார். பூமத்தியரேகைப் பகுதிக்கு மேலே உயரத்தில் இருக்கும் காற்று, துருவப் பகுதிக்கு மேலே அதே உயரத்தில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்தது என்று பலூன் அளவுகளைக் கொண்டு 1929-ல் எடுத்துக் காட்டினார். கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. பிற்பாடு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

இன்னொருவர் பி.ஆர். பிஷாரடி. அவரும் பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோடு. நம் நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்துகொண்டே, விடுமுறைகளில் பெங்களூரு போய் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1940-களில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அமெரிக்கா போய் 1954-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1962-ல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான்.

ஒளியைப் படித்தவர்கள் ஏன் வானிலைக்குப் போனார்கள் என்று கேட்கலாம். வானிலை என்பதே சூரிய ஒளி நடத்தும் வேலை. கடலைச் சூடாக்குவது அது, காற்றைக் கிளப்புவது அது. மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான். ஆக இயற்பியல் படித்தவர்களுக்கு அது அந்நியமான இடம் இல்லை. மூன்று பேரும் ஒரே குருவின் மாணவர்கள், மூன்று பேரும் சென்னையோடு தொடர்புள்ளவர்கள். அந்த இரண்டு ஆண்களையும் டாக்டர் ராமநாதன், டாக்டர் பிஷாரடி என்று புத்தகங்கள் சொல்லும். இந்தப் பெண் மட்டும் மிஸ் அன்னா மணி.

பட்டம் கிடைக்காதவர் என்ன செய்தார்? 1945-லேயே அரசாங்க உதவித்தொகையில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவருடைய ஆசை இயற்பியல் ஆராய்ச்சியில் தொடர்வது. ஆனால் அப்போது இந்திய மாணவர்களுக்கு இருந்த உதவித்தொகை வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்குத்தான். சரி என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்து, வெப்பமானி, காற்றழுத்தமானி, மழைமானி எல்லாவற்றையும் எப்படிச் செய்வது, எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். 1948-ல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார்.

அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். சாதாரண வெப்பமானி கூட வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் என்ற அதிகாரி இதையெல்லாம் இங்கேயே செய்ய வேண்டும் என்று பட்டறையைத் தொடங்கியிருந்தார். அந்த வேலையை அன்னா மணி கையில் எடுத்துக்கொண்டார். 1953-ல் அந்தப் பிரிவுக்கே தலைவர் ஆனார். அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 100 வகைக் கருவிகளுக்கு வரைபடம் போட்டு, அளவுகளைத் தரப்படுத்தி, உற்பத்திக்குக் கொடுத்தார். ஒரு கருவி கன்னியாகுமரியில் காட்டும் அளவும் காஷ்மீரில் காட்டும் அளவும் ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும். அதற்கு எல்லாக் கருவியையும் ஒரே தரக்கருவியோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

வகுப்பில் மழைமானி பாடம் நடத்தியபோது நான் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மழைமானி ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. புனல், உள்ளே பாத்திரம், அளவுக் குவளை, அவ்வளவுதான். ஆனால் மரத்தடியில் வைத்தால் தப்பு, சுவர் ஓரம் வைத்தால் தப்பு, புனலின் வாய் சரிந்திருந்தால் தப்பு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். நுங்கம்பாக்கம் கணக்குப்படி ஒரு கிரவுண்டு மேல் விழுந்த தண்ணீர் ஏறக்குறைய 65,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐந்துக்கும் மேல். ஒரே நாளில், ஒரே மனையில். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியை எப்போது திறப்பது, எந்தத் தெருவை எப்போது காலி செய்வது என்று முடிவு எடுக்கிறவர் கையில் இருப்பது இந்த எண்கள்தான். எண் தப்பானால் முடிவும் தப்பாகும்.

காட்டுத்தீயிலும் இதே கதைதான். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இளைஞர்கள் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அதில் நிறைய பேர். மழை இல்லாத மாதங்களில் புல் காய்ந்து சருகாகிவிடும். பகல் ஏற ஏறக் காற்றில் ஈரம் குறையும். வெயிலில் சரிவு சூடானதும் காற்று அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசும், தீயும் அதோடு மேலே ஓடும். மனிதனால் மலையில் அந்த வேகத்துக்கு ஏற முடியாது. எந்த நாளில் எந்தக் காடு ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்வது ஒரு தனி ஆராய்ச்சித் துறை. ஈரப்பதம், வெப்பம், காற்றின் வேகம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் என்ற நான்கும் சரியாகத் தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும். விசேஷ வீட்டில் சிரித்தவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

அன்னா மணிக்குத் திரும்புகிறேன். 1957-58-ல் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று ஒன்றை நடத்தின. அந்த நேரத்தில் அவர் இந்தியாவில் பல ஊர்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை 1960-களில் இந்தியாவிலேயே செய்ய வைத்தார். உலகம் ஓசோன் ஓட்டை என்று பேச ஆரம்பித்தது அதற்கு இருபது வருடம் கழித்துத்தான். விக்ரம் சாராபாய் தும்பாவில் ராக்கெட் ஏவத் தொடங்கியபோது, 1963-ல் அங்கே வானிலை ஆய்வுக்கூடமும் கருவிக் கோபுரமும் அமைத்துக் கொடுத்தவர் இவர்தான். தரைக்காற்று எப்படி வீசுகிறது என்று தெரியாமல் ராக்கெட்டை எப்படி ஏவுவது? 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்று சும்மா உட்காரவில்லை. சூரியக் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுத்து 1980-லும் 1981-லும் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார். இன்று மொட்டை மாடியில் சோலார் பலகை வைக்க மானியம் கேட்கிறோம். இந்தியாவில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் அடிக்கிறது என்று பொறியாளர்கள் முதன்முதலில் புரட்டிப் பார்த்தது அந்த நூல்களைத்தான். அடுத்து காற்று. நாட்டில் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளந்து, 1983-ல் காற்றாற்றல் அளவுத் தொகுப்பு வெளியிட்டார். பெங்களூரில் காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகள் செய்யும் சிறு தொழிற்கூடமும் நடத்தினார்.

நம் தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான சம்பந்தம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மூன்று கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, இந்த இடைவெளிகளில் நெருக்கி நுழையும்போது வேகம் கூடும். நாகர்கோவில் போகிற வழியில் முப்பந்தலில் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்தது. வைகாசி முதல் புரட்டாசி வரை மயிலாப்பூரில் நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதில் அந்தக் காற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இன்று காற்றாற்றலுக்கான தேசிய நிறுவனம் இருப்பது நம் பள்ளிக்கரணையில், வேளச்சேரி தாம்பரம் சாலையில். வங்கக் கடலில் மிதவைகள் போட்டுப் புயல் நேரத்துக் காற்றழுத்தத்தையும் கடல் வெப்பத்தையும் அளக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் அதே சாலையில்தான். சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டு பெயர்ப் பலகைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவ்வளவு பக்கத்தில் நடக்கிறது இந்த ஆராய்ச்சி.

1987-ல் அன்னா மணிக்கு இந்திய தேசிய அறிவியல் கழகம் ஒரு பதக்கம் கொடுத்தது. அதன் பெயர் கே.ஆர். ராமநாதன் பதக்கம். சென்னைப் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. கொடுத்த அதே ராமநாதன். 2001 ஆகஸ்ட் 16-ல் திருவனந்தபுரத்தில் அன்னா மணி காலமானார். 2022-ல் அவருடைய 104-வது பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. அன்றைக்குத்தான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

அவருடைய ஆய்வேடு இன்றும் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில், மற்ற ஆய்வேடுகளைப் போலவே பைண்டு செய்யப்பட்டு இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறவருக்கு அதற்குப் பட்டம் கிடைக்கவில்லை என்று தெரியாது.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே சிலர், "பார்த்தீர்களா டீச்சர், பட்டத்தில் என்ன இருக்கிறது, திறமைதான் முக்கியம்" என்று எழுதுவீர்கள். அன்னா மணியே கூடப் பின்னாளில் தன்னைப் பேட்டி கண்டவரிடம், அந்தப் பட்டம் கிடைக்காததால் தன் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை என்றுதான் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. அதை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கவசமாகப் போட நான் தயாராக இல்லை.

நான் பட்டம் வாங்காதவள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. அதை வைத்தே முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். பட்டம் இல்லாமலும் வேலை செய்யலாம் என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் எழுதி எழுதிக் கை காய்த்தவள் நான். ஒரு காகிதம் இல்லாததால் ஒரு பிள்ளையின் வழி எப்படி மாறிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி. உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் இன்னோர் இனிஷியல். அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. பிற்பாடு அவள் நன்றாகத்தான் இருந்தாள், கடை வைத்து நடத்தினாள். நன்றாக இருக்கிறாள் என்பதால் அன்று செய்தது சரியாகிவிடுமா?

அன்னா மணி இயற்பியல் ஆராய்ச்சியில் தொடர நினைத்தார். வானிலைக் கருவிக்குப் போனார். நாட்டுக்கு அது பெரிய லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. ஐந்து வருடம் இரவு பகலாக உட்கார்ந்து செய்த வேலையைப் பார்த்து, "ஆமாம், நீ செய்தாய்" என்று ஒரு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். பட்டம் என்றால் அதுதானே? அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்திருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு என்ன குறைந்திருக்கும்? இன்று அவரைத் தன் டாக்டர் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளும் பெருமையாவது இருந்திருக்கும்.

மழைமானியை மரத்தடியில் வைத்தால், எவ்வளவு மழை பெய்தாலும் குறைவாகத்தான் காட்டும். தப்பு மழையில் இல்லை. எம்.எஸ்ஸி. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் விதியும் அப்படித்தான். எதிரே இருந்த ஆய்வேட்டை அதனால் அளக்க முடியவில்லை. கருவி தப்பு காட்டினால் அன்னா மணி அதைக் கழற்றித் தரக்கருவியோடு வைத்துச் சரிபார்ப்பார். விதியை அப்படிச் சரிபார்க்க அன்று சேப்பாக்கத்தில் யாரும் இல்லை.

என் மாணவர்களில் பலர் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வங்கியில் இருக்கிறீர்கள், தாலுகா அலுவலகத்தில் இருக்கிறீர்கள், கல்லூரியில் சேர்க்கைக் குழுவில் இருக்கிறீர்கள், கம்பெனியில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் தினமும் காகிதங்கள் வரும். ஏதோ ஒன்று குறைந்திருக்கும். விதியை மீறச் சொல்லவில்லை, நானும் அரசு விதிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவள்தான். "இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால், காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் வேலையை ஒரு முறை பாருங்கள். வேறு வழி இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் ஒரு குறிப்பு எழுதிக் கேளுங்கள். ஒரு குறிப்பு எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. நீ போய் ஆராய்ச்சி செய் கண்ணு. எம்.எஸ்ஸி. சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள், நகல் இரண்டு எடுத்து வை.

நீளமாக எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படிக் காகிதத்தால் நின்றுபோன படிப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், படிக்கிறேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்